எந்தக் குழாயில் சோதிப்பது?

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள். சோற்றுக்குச் சரி, குழாய்த் தண்ணீருக்கு இது பொருந்தாது. ஏன் தெரியுமா?

சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரை வடிகட்டி, கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். அங்கே அது சுத்தம்தான். ஆனால் நம் லயத்துக்கு வருவதற்குள் நெடுந்தூரம் குழாயில் ஓடுகிறது. வழியில் தொட்டியில் தங்குகிறது. போகப் போகக் குளோரின் குறைந்துவிடுகிறது. குழாய் உடைந்தால் மண்ணும் அழுக்கும் உள்ளே புகலாம்.

1993-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கிடியன் என்னும் சிற்றூரில் நடந்ததைக் கேளுங்கள். அவ்வூர் மக்கள் ஏறத்தாழ 1,100 பேர். ஆழ்கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் கலக்காமலே குடித்து வந்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் பறவைகள் புகுந்து எச்சமிட்டன. சால்மொனெல்லா கிருமி பரவி, நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கில் விழுந்தனர். முதியோர் இல்லத்தில் நோயுற்ற 7 பேர் இறந்துபோனார்கள். கிணற்றடியில் மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

எல்லாக் குழாய்களையும் தினமும் சோதிக்க முடியாது. ஆகவே இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது, சுத்திகரிப்பு நிலையத்தின் வாசல். இரண்டாவது, தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் இடம். மூன்றாவது, தண்ணீர் தேங்கி நிற்கும் கடைசி லயத்துக் குழாய். நான்காவது, பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, மருந்தகம். நோய்க்கு எளிதில் ஆளாகும் குழந்தைகளும் நோயாளிகளும் குடிக்கும் இடங்கள் அல்லவா அவை?

நம் நாட்டில் சுகாதார அமைச்சின் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் 1983-இல் தொடங்கியது. 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ-கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மீதம் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

சோதனைக்கு வருபவர் குழாய் வாயைத் தீயால் சுடுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். வெளியே ஒட்டியுள்ள கிருமி போத்தலுக்குள் போகாதிருக்கவே அப்படிச் செய்கிறார். அவர் ஆபீஸ் வாசல் குழாயோடு திரும்பிவிடப் பார்த்தால், “ஐயா, கடைசி லயத்துக் குழாயையும் பாருங்கள்” என்று பணிவாகச் சொல்லுங்கள். தொட்டி மூடி திறந்து கிடந்தாலோ, ஒரே லயத்தில் பல பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டாலோ, நாளையும் குழாயையும் குறித்துக்கொண்டு நிர்வாகத்துக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் உடனே தெரிவியுங்கள். பதில் வரும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.