உப்புநீர் சொன்ன உண்மை

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், மார்கழிக் குளிரோடு சுவரொட்டிகளும் வந்துவிடும். ரெய்கி, ஒலிச் சிகிச்சை, எண்ணெய்ச் சிகிச்சை, யோகா என்று டீக்கடைச் சுவர்வரை ஒட்டியிருப்பார்கள். வெளிநாட்டு யாத்ரீகர்களை நம்பி ஒட்டப்படுபவைதான். ஆனாலும் மூன்று வயதாகியும் பேசாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் ஒரு தாயும் அவற்றை நின்று படிக்கக்கூடும். மருத்துவர் 'ஆட்டிசம்' என்று சீட்டில் எழுதி, இதற்கு மருந்து கிடையாது, பயிற்சிதான் என்று சொல்லி அனுப்பியிருப்பார். "இதையும் ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டா என்ன?" என்ற கேள்வி அந்த இடத்தில் எழாவிட்டால்தான் வியப்பு.

இந்த ஊருக்கு அது புதிதும் இல்லை. ரமண மகரிஷியின் இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்கு 1949-இல் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. ரேடியம் வைத்தார்கள். பச்சிலை, ஹோமியோபதி, ஆயுர்வேதம் எல்லாம் பார்த்தார்கள். அன்பர்கள் கொண்டுவந்த மருந்துகளை அவர் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு மறைந்தார். உயிருக்கு உயிரானவருக்காக எல்லாக் கதவுகளையும் தட்டுவதில் தப்பே இல்லை. தட்டியவற்றில் எது உண்மையிலேயே திறந்தது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். அதற்கு மனித அறிவு கண்டுபிடித்த உபாயம் அபார அழகுடையது. அதன் மூலப்பொருள் வெறும் உப்புநீர்.

கதை நம் குடலில் தொடங்குகிறது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்குள் நுழைந்ததும், குடல்சுவர் செக்ரீட்டின் என்ற சுரப்பை ரத்தத்தில் கலக்கும். அது கணையத்துக்குப் போய், அமிலத்தைத் தணிக்கும் நீரை அனுப்பச் சொல்லும். 1902-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆங்கிலேயர்கள் இதைக் கண்டறிந்தார்கள். உலகம் அறிந்த முதல் ஹார்மோன் இதுதான்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அதற்கு இன்னொரு புகழ் வந்தது. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறைப் பரிசோதிக்க செக்ரீட்டின் ஊசி போட்டார்கள். அடுத்த சில வாரங்களில் அந்தக் குழந்தைகள் கண்ணைப் பார்த்தார்கள், பேச்சும் கூடியது என்று 1998-இல் ஓர் ஆய்விதழில் செய்தி வெளியானது. தொலைக்காட்சியிலும் வந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்காக அலைந்தார்கள்.

அப்போதுதான் ஏட்ரியன் சாண்ட்லர் என்ற மருத்துவரின் குழு உப்புநீரைக் கையில் எடுத்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு செக்ரீட்டின். மறு பாதிக்கு, லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த, நம் ஊர் மருத்துவமனைகளில் குளுக்கோஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குமே, அதே உப்புநீர். யாருக்கு எது போனது என்று பெற்றோருக்கும் தெரியாது, குழந்தையை மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. இரு தரப்பின் கண்ணையும் கட்டிவிடுவதால் இதை இருமறைப்புச் சோதனை என்பார்கள். நான்கு வாரம் கவனித்த 56 குழந்தைகளின் முடிவு 1999 டிசம்பரில் வெளியானது. செக்ரீட்டின் பெற்ற குழந்தைகள் முன்னேறியிருந்தார்கள். உப்புநீர் பெற்ற குழந்தைகளும் அதே அளவுக்கு முன்னேறியிருந்தார்கள்!

இதில் என்னை மலைக்க வைப்பது அந்த இரண்டாம் வரிதான். பெற்றோர் பொய் சொல்லவில்லை. முன்னேற்றத்தைக் கண்ணால் கண்டார்கள். அது ஊசியிலிருந்து வரவில்லை என்பது மட்டுமே தெரியவந்தது. இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் உண்டு. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரீட்டினில் ஆர்வம் குறையவில்லை என்றார்கள். பின்னர் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்த 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அந்த மருந்தால் பலன் இல்லை என்பதே தெளிவாயிற்று. ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிட்டலோப்ராம் என்ற மனநல மருந்தின் கதையும் இப்படியே. 149 குழந்தைகளிடம் நடந்த 2009 சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 33 சதவீதம் பேரும், போலி மருந்து எடுத்தவர்களில் 34 சதவீதம் பேரும் தேறியதாக மதிப்பிடப்பட்டார்கள். எதைக் கொடுத்தாலும் மூவரில் ஒருவர் தேறினார். சுவரொட்டிச் சிகிச்சைக்கு எப்போதும் ஒரு சாட்சி கிடைப்பது இதனால்தான்.

அப்படியானால் அந்த முன்னேற்றம் எங்கிருந்து வருகிறது? முதலில், குழந்தை வளர்கிறது. ஆட்டிசம் உள்ள மூளையும் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஏதாவது கற்கிறது. இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. பிள்ளை இரவெல்லாம் தூங்காமல், தலையைச் சுவரில் மோதிக்கொண்டு படாதபாடு படுத்தும் வாரத்தில்தான் பெற்றோர் புதுச் சிகிச்சையைத் தேடிப் போகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று கிரிவலப் பாதையில் நிற்கும் கூட்டத்தை எண்ணிவிட்டு, சாலையில் எதையாவது தெளித்து, அடுத்த வாரம் மறுபடி எண்ணினால் கூட்டம் குறைந்துதான் இருக்கும். தெளித்ததற்கும் குறைந்ததற்கும் தொடர்பில்லை. உச்சத்தில் அளந்த எதுவும் தானாகவே இறங்கும். புள்ளியியலார் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்கிறார்கள்.

மூன்றாவது, பார்க்கும் கண். இதைத் துலக்கிய சோதனையைப் போல நெஞ்சைத் தொட்டது வேறில்லை. 1990-களில், பேசாத பிள்ளைகளின் கையை ஒருவர் தாங்கிப் பிடித்தால் அவர்கள் எழுத்துப் பலகையில் தட்டிப் பேசுவார்கள் என்ற முறை அமெரிக்காவில் பரவியது. 'அம்மா, உன்னை எனக்குப் பிடிக்கும்' என்ற வரி வந்தபோது குடும்பங்கள் அழுதன. நியூயார்க் மாநிலத்தில் ஒரு காப்பகத்தின் ஆய்வாளர்கள் பேசாத 12 பேரையும் அவர்களுக்குக் கைகொடுத்தவர்களையும் அருகருகே உட்கார வைத்து, நடுவில் ஒரு தடுப்பு வைத்தார்கள். இருவருக்கும் படங்களைக் காட்டினார்கள். சில சமயம் ஒரே படம், சில சமயம் வேறு வேறு படம். பேசாதவருக்குச் சாவியையும் கைகொடுப்பவருக்குக் கோப்பையையும் காட்டினால், பலகையில் வந்தது கோப்பை. உதவியாளர் பார்க்காத படத்தின் பெயர் 180 முயற்சிகளில் ஒருமுறைகூட வரவில்லை. உதவியாளர்கள் உடைந்துபோனார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. ஆசையும் எதிர்பார்ப்பும் தசையை அசைப்பது அதற்கு உரியவருக்கே தெரியாது. தன்னறியா அசைவு என்று அதைச் சொல்லலாம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே பெற்றோரின் சேமிப்பை அதிகம் விழுங்கும் நம்பிக்கை ஸ்டெம் செல், அதாவது வேறு வகை உயிரணுக்களாக மாறக்கூடிய குருத்தணு. இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து எடுத்து முதுகுத் தண்டு நீரிலோ ரத்தக்குழாயிலோ செலுத்துகிறார்கள். இந்த அணுவின் பயணத்தைக் கொஞ்சம் பின்தொடருங்கள். மஜ்ஜைக் குருத்தணுவில் ஒருவகை, மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அகலம். கைநரம்பில் ஏற்றினால் அது முதலில் போய்ச்சேரும் நுண்குழாய் வலை நுரையீரலில் இருக்கிறது. அந்தக் குழாய்களின் அகலம் அதில் பாதிகூட இல்லை. ஆகவே பெரும்பாலான அணுக்கள் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. மூளையை எட்டுவது மிகச் சொற்பம்.

எட்டினாலும் அங்கே என்ன செய்ய வேண்டும்? மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நொடிக்கு ஒன்று வீதம் எண்ணினால் 2,700 ஆண்டுகள் ஆகும். வள்ளுவர் பிறப்பதற்கு முன்பே எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் பல, தாயின் வயிற்றில் ஐந்தாறு மாதக் கருவாக இருக்கும்போதே இந்த அணுக்கள் எங்கே போய் எதனோடு கைகோக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையில் இருப்பவை. செத்துப்போன அணுக்களை மாற்றும் வேலை இங்கே இல்லவே இல்லை. பின்னல் வேறு விதமாக அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஊற்றும் அணுக்களுக்கு அந்தப் பின்னலின் வரைபடம் தெரியாது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து இதை நேர்மையாகச் சோதித்தது. 2 முதல் 7 வயதுவரை 180 குழந்தைகள், இங்கும் இருமறைப்பு. 2020-இல் வந்த முடிவில், பழகும் திறன் என்ற முதன்மை அளவுகோலில் போலி மருந்தைவிட அது மேலாக இல்லை. 2022 டிசம்பரில் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல, அதை விளம்பரப்படுத்துவது மருத்துவத் தொழில்நெறி மீறல் என்று சொல்லிவிட்டது. ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது அழைத்தால் ஒன்றைக் கேளுங்கள்: இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன? முறையான ஆய்வில் சோதனை மருந்துக்குக் குடும்பத்திடம் பணம் வாங்கக் கூடாது. லட்சங்களைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

"நம்ம நாட்டு மருந்துதானே, கெடுதல் பண்ணாது" என்ற எண்ணமும் இங்கே வேரோடியிருக்கிறது. பேச்சு வரட்டும் என்று வசம்பைச் சுட்டு உரசிப் பிள்ளையின் நாக்கில் தடவாத பாட்டி நம் பக்கத்தில் குறைவு. அதனால் பேச்சு வரும் என்பதற்குச் சான்று இல்லை. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால் 1968-லேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. என்னை அதைவிடக் கவலைப்படுத்துவது உலோகம் சேர்ந்த மருந்துகள். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களைப் பாஸ்டன் ஆய்வாளர்கள் 2008-இல் பரிசோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. வளரும் மூளைக்கு ஈயத்தைவிடப் பெரிய எதிரி குறைவு.

நேரெதிராக, இல்லாத உலோகத்தை வெளியேற்றும் சிகிச்சையும் உண்டு. செலேஷன் என்பார்கள். உலோகத்தைக் கவ்வும் மருந்தை ரத்தத்தில் ஏற்றுவது. இதயம் துடிக்கத் தேவையான கால்சியத்தையும் அவற்றில் சில கவ்விக்கொள்ளும். 2005-இல் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் இப்படித்தான் இறந்தான். கோதுமையையும் பாலையும் நிறுத்தும் உணவுமுறை அவ்வளவு அபாயமானதல்ல. ஆனால் ஏற்கெனவே நாலே நாலு பண்டம் மட்டும் சாப்பிடும் பிள்ளையிடமிருந்து தயிரையும் பிடுங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. எண்ணெய் தேய்ப்பதும் பாட்டும் கோயிலுக்குப் போவதும் பிள்ளைக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

எல்லாவற்றையும் வேண்டாம் என்றால், வேறு என்னதான் இருக்கிறது? இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த விடைதான். கோவாவில் சங்கத் என்ற அமைப்பும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஒரு குழுவும் சேர்ந்து, 65 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2016-இல் முடிவை வெளியிட்டன. மருந்தில்லை, கருவி இல்லை. சிறப்பு மருத்துவர்கள்கூட இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர், தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார். பிறகு இருவரும் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் 12 முறை.

அந்த வீடியோவில் என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளை பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அம்மா, "இங்கே பாரு கண்ணா, அம்மாவைப் பாரு, இது என்ன கலர்? சொல்லு" என்கிறாள். பிள்ளை திரும்பவில்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது அவளுக்கே புரிகிறது. அவன் பார்வை இருந்த இடத்தில் அவள் பேச்சு இல்லை. அடுத்த முறை அவளும் தரையில் குனிந்து, அவன் பார்ப்பதையே பார்த்து, "சுத்துது... சக்கரம் சுத்துது" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். காத்திருப்பதும் இதில் பாடம். நொடிகள் கழிகின்றன. அவன் காரை அவள் பக்கம் தள்ளுகிறான். ஒரு சிறு பார்வை. உரையாடலின் முதல் அடி அது.

ஆறு மாத முடிவில், எந்தக் குடும்பம் பயிற்சி பெற்றது என்று தெரியாதவர்கள் வீடியோக்களை மதிப்பிட்டார்கள். பயிற்சி பெற்ற பெற்றோர் பிள்ளையின் போக்கோடு இசைந்து பேசினார்கள். பிள்ளைகள் தாமாகவே அதிகம் தொடர்பு தொடங்கினார்கள். எல்லா அளவிலும் முன்னேற்றம் வரவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். செக்ரீட்டினைத் தோற்கடித்த கண்கட்டை, மதிப்பிடுபவர்கள் அளவிலாவது, இதுவும் கட்டிக்கொண்டு தேறி வந்தது. அதனால்தான் இதை நம்புகிறேன்.

இதற்காகத் திருவண்ணாமலைப் பெற்றோர் கோவா போக வேண்டியதில்லை. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிய 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இலவசமாக இயங்குகின்றன. அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். சுமார் 80 கிலோமீட்டரில் வேலூர் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு. சான்றிதழ் பெற்று அரசின் நிராமயா காப்பீட்டில் சேர்ந்தால், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்கும் பயிற்சிக்கும் கிடைக்கும். பிள்ளைக்கு மூன்று வயது ஆகட்டும், ஐந்து வயது ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவன் விளையாடுவதைச் செல்போனில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.