முதுமையில் மூர்ச்சை

முதியவர் ஒருவர் விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் விழுந்து கிடக்கிறார். கால் வழுக்கிவிட்டது என்கிறார். வீட்டாரும் அதையே நம்பிவிடுகின்றனர். ஆனால் விழும்போது அவர் கையூன்றவில்லை. முகத்திலே காயம் பட்டிருக்கிறது. இத்தகைய வீழ்ச்சிகளிற் சில மூர்ச்சையால் நேர்ந்தவை. சில விநாடி நினைவிழந்திருந்தது முதியோரிற் பலருக்குப் பின்னர் ஞாபகத்திற்கு வருவதேயில்லை. ஆதலின் களப்பணியாளர் விழுந்தவரை மட்டுமன்றி, அருகிலிருந்து கண்டவரையும் விசாரித்தல் வேண்டும்.

மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைவதால் உண்டாகும் நினைவிழப்பே மூர்ச்சையாகும். உடலின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் இருதயம் இறைக்கும் இரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அதற்குச் செல்கிறது. இவ்வோட்டம் 6 முதல் 8 விநாடி தடைப்பட்டாலே நினைவு தப்பும். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்தமறியும் நரம்பு முனைகள் இதனை உடனே உணர்ந்து, இருதயத்தை விரைவுபடுத்தி, இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கின்றன. முதுமையில் இந்த ஏற்பாடு மந்தமடைகிறது. நெடுநாள் நீரிழிவு இருப்பின் இன்னும் மந்தமடையும். தாக உணர்ச்சியும் குறைவதால், கோடையில் உடலில் நீர் வற்றுவதை முதியவர் அறிவதில்லை.

இவற்றோடு மருந்துகளும் சேர்கின்றன. சிறுநீரைப் பெருக்கும் மருந்து, இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்து, பிராஸ்டேட் சுரப்பி வீக்கத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவை எழுந்து நிற்கும்போது அழுத்தத்தை மிகுதியாகத் தாழ்த்தக்கூடும். வெவ்வேறு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒருசேர உட்கொள்ளும் முதியோர் பலர். அவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தவரோ பெரும்பாலும் ஒருவருமிலர். மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டச் செய்தலே களப்பணியாளர் ஆற்றக்கூடிய பேருதவி.

சோதனை எளிது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தத்தை அளந்து, நிற்கவைத்து மூன்று நிமிடங்களுக்குள் மீண்டும் அளத்தல் வேண்டும். மேல் அளவு 20 மில்லிமீட்டரோ, கீழ் அளவு 10 மில்லிமீட்டரோ தாழ்ந்தால் காரணம் ஏறக்குறையப் புலப்பட்டதாகும். உட்காரவைத்து மட்டும் அளந்தால் இது தெரியாமலே போகலாம்.

படுத்திருக்கும்போதோ, மேட்டில் ஏறும்போதோ, முன்னறிகுறி யாதுமின்றியோ மூர்ச்சை வருமாயின், இருதயக் கோளாறென ஐயுற்றுத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். நாடி மிக மெதுவாக நடப்போர்க்கு மூர்ச்சை வருவதை அயர்லாந்து மருத்துவர் ஆடம்ஸ் 1827இலும் ஸ்டோக்ஸ் 1846இலும் விவரித்தனர். அக்காலத்தில் பரிகாரம் இல்லை. 1958இல் சுவீடனில், நாள்தோறும் பலமுறை மூர்ச்சையுற்று வந்த ஆர்னே லார்சன் என்பவரின் உடலில் இருதய முடுக்கி முதன்முதலாகப் பொருத்தப்பெற்றது. முதற் கருவி சில மணி நேரமே இயங்கிற்று. ஆயினும் அடுத்தடுத்துப் பொருத்திய கருவிகளின் துணையால் அவர் 2001 வரை, 86 வயதளவும் வாழ்ந்தார்.

மூர்ச்சை நீடிப்பது சில விநாடிகள். அதன் அச்சமோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. விழுந்தெழுந்த முதியவர் முதலில் சந்தைக்குப் போவதை விடுகிறார். பிறகு கோயிலுக்கும் திண்ணைப் பேச்சுக்கும் போவதில்லை. தனியே குளிக்கவும் வீட்டார் விடுவதில்லை. அன்பினால் இடும் தடையே அது. ஆனால் படுக்கையிலேயே கிடப்பவரின் கால் தசைகள் மெலிகின்றன; எழும்போது இரத்தத்தை மேலே தள்ளும் வலிமை அவற்றிற்கு இல்லாது போகிறது; மறுமுறை மூர்ச்சை இன்னும் எளிதில் வருகிறது. ஆதலின் நடமாட்டத்தைத் தடுத்தல் காவலாகாது. கட்டிலின் விளிம்பில் சற்று உட்கார்ந்து, பாதங்களைப் பலமுறை மேலும் கீழும் அசைத்தபின் எழுதல், இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழித்தல், வயிறு நிறைய உண்டவுடன் எழுந்து நடவாதிருத்தல், இருதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாதவர் போதிய நீர் அருந்துதல் ஆகியவற்றைப் பழக்கினால் பலர் மீண்டும் வெளியே நடமாடுகின்றனர். ஆசிரியர்கள் இவற்றை மாணவர்க்குச் சொல்லலாம். பாட்டனாருக்கு அருகே பெரும்பொழுது இருப்பவர்கள் பேரப்பிள்ளைகளே.

மூர்ச்சையுற்றவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து வாயில் நீர் ஊற்றுவது எங்கும் காணப்படும் தவறு. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் போதும். ஓரிரு நிமிடத்தில் தெளியாவிடினும், தெளிந்தபின் பேச்சுக் குழறினும், ஒரு கை தளர்ந்திருப்பினும் அது வெறும் மூர்ச்சையன்று. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.