தோற்ற கட்சிக்குப் புதுத் தலைவர்: வாக்குச்சீட்டுக்கு முன்னால் ஒரு வாசல்

ஏனாத்தூர்ல படிக்கிற ஒரு மாணவர் வாய்ஸ் நோட்ல ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "பிரிட்டன்ல கட்சி தோத்தா மறுநாளே தலைவர் ராஜினாமா பண்றார். நம்ம ஊர்ல எத்தனை தடவை தோத்தாலும் அதே ஆள்தான். ஏன்?" நல்ல கேள்வி. "நம்ம ஆளுங்களுக்குப் பதவி ஆசை"ன்னு ஒரே வரியில முடிச்சிடலாம். ஆனா பதவி ஆசை இல்லாத அரசியல்வாதி லண்டன்லயும் கிடையாது. அதனால நான் வேற ஒரு இடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். தலைவருக்கு ஓட்டுப் போடுறது யார்ங்கிறதை கொஞ்சம் தள்ளி வைங்க. ஓட்டுச்சீட்டுல ஒருத்தர் பேர் வரணும்னா யார் கையெழுத்துப் போடணும்? அதைப் பாப்போம்.

முதல்ல நம்ம ஊர்க் கதை. காஞ்சிபுரத்துல நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் பத்தித் தெரியாத வீடு குறைவு. அங்கே உறுப்பினர்கள் நேரா தலைவரைத் தேர்ந்தெடுக்கிறதில்லை. அவங்க இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பாங்க, இயக்குநர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பாங்க. தறியில உக்காந்திருக்கிறவருக்கும் தலைவர் நாற்காலிக்கும் நடுவுல ஒரு படி இருக்கு. கட்சிகள்லயும் அந்த மாதிரிப் படிகள் உண்டு. எந்தப் படியில யார் நிக்கிறாங்கங்கிறதுதான் விஷயம்.

1962 சட்டமன்றத் தேர்தல்ல அறிஞர் அண்ணா சொந்த ஊரான காஞ்சிபுரத்துலயே தோற்றார். ஜெயித்தது காங்கிரஸின் எஸ்.வி. நடேச முதலியார். ஆனா திமுக அந்தத் தேர்தல்ல 50 இடம் ஜெயிச்சது, அதாவது கட்சி வளர்ந்தது, தலைவர் தோற்றார். அப்போ என்ன நடந்தது? சட்டமன்றத்துல எதிர்க்கட்சித் தலைவரா நெடுஞ்செழியன் உட்கார்ந்தார். அண்ணா மாநிலங்களவைக்குப் போனார், பொதுச்செயலாளர் பதவி அவர்கிட்டயே இருந்தது. ஒரு கட்சிக்குள்ள இரண்டு நாற்காலி இருக்குங்கிறது இங்கே தெளிவாத் தெரியுது. ஒண்ணு சபைக்குள்ள, அதுக்கு எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பாங்க. இன்னொண்ணு கட்சிக்குள்ள, அதுக்குக் கட்சி விதிதான் வழி. தேர்தல் தோல்வி முதல் நாற்காலியைத்தான் நேரடியா ஆட்டும்.

1967ல காமராஜர் விருதுநகர்ல 1,285 வாக்குல தோத்தப்பவும் இதேதான். பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்ல முதலமைச்சர் பக்தவத்சலமே தோத்தார். சட்டமன்றத்துல காங்கிரஸுக்குத் தலைவரா வந்தவர் பி.ஜி. கருத்திருமன். ஆனா அந்த வருஷம் கடைசி வரைக்கும் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் காமராஜர்தான். கருத்திருமன் பேரை இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

(போகிற போக்குல ஒரு விஷயம். திமுகவுல அண்ணா காலத்துல 'தலைவர்' பதவியே காலியாத்தான் இருந்தது. அது பெரியாருக்கான இடம்னு அண்ணா விட்டு வச்சிருந்தார். அதனால பொதுச்செயலாளர்தான் உச்சப் பதவி. 1972ல அதிமுக ஆரம்பிச்சப்போ எம்.ஜி.ஆர் அந்தப் பெயரையே எடுத்துக்கிட்டார். செயலாளர்னு பேர், அதிகாரம் தலைவருக்கு.)

இப்போ அந்த மாணவர் சொன்ன பிரிட்டன். 2015 மே மாசம் லேபர் கட்சி தோத்ததும் மறுநாளே எட் மிலிபேண்ட் விலகினார். அடுத்த தலைவருக்கு உறுப்பினர்களும், 3 பவுண்டு கட்டிப் பதிஞ்ச ஆதரவாளர்களும் ஓட்டுப் போடலாம். ரொம்பத் திறந்த முறை மாதிரி இருக்குல்ல? ஆனா போட்டியில நிக்கணும்னா 35 எம்.பி.க்கள் உங்க பேரை முன்மொழியணும். ஜெரமி கோர்பினுக்குக் கிடைச்சது 36, அதுவும் கடைசி நேரத்துல. அவருக்குக் கையெழுத்துப் போட்ட சிலர், விவாதம் நடக்கட்டும்னுதான் போட்டாங்க, அவர் ஜெயிக்கணும்னு இல்லை. வாசலைத் தாண்டினதும் அவர் 59.5 சதவீத வாக்கோட ஜெயிச்சார். அடுத்த வருஷம் எம்.பி.க்கள் 172க்கு 40னு அவர் மேல நம்பிக்கை இல்லைன்னு ஓட்டுப் போட்டாங்க. உறுப்பினர்கள் மறுபடி அவரையே தேர்ந்தெடுத்தாங்க. ரெண்டு கையெழுத்து குறைஞ்சிருந்தா இது எதுவும் நடந்திருக்காது. வாசல்னு நான் சொல்றது இதைத்தான்.

தமிழ்நாட்டுல பெரிய தோல்விகளுக்குப் பஞ்சமே இல்லை. 1991ல திமுக மொத்தமே 2 இடம். துறைமுகம் தொகுதியில ஜெயிச்ச கருணாநிதி எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செஞ்சார், கட்சித் தலைவர் பதவியில தொடர்ந்தார். 1996ல அதிமுக 4 இடம். ஜெயலலிதாவே பர்கூர்ல தோத்தார். பொதுச்செயலாளர் மாறலை. ரெண்டு இடத்துலயும் வாசல்ல நின்னவங்க தலைவரால நியமிக்கப்பட்டவங்களோ, தலைவரை நம்பி வளர்ந்தவங்களோதான். அவங்க ஏன் வேற பேருக்குக் கதவைத் திறப்பாங்க?

ஒரே ஒரு தடவைதான் வாசல்காரங்களைத் தாண்டி மக்களே ஒரு கட்சித் தலைமையைத் தீர்மானிச்சாங்க. அது 1989.

எம்.ஜி.ஆர் 1987 டிசம்பர் 24 அன்னிக்கு இறந்தார். கட்சி இரண்டா உடைஞ்சது, ஒரு பக்கம் மனைவி ஜானகி, இன்னொரு பக்கம் ஜெயலலிதா. பெரும்பாலான எம்.எல்.ஏ.க்கள் ஜானகி பக்கம்தான். அந்தப் பலத்துலதான் 1988 ஜனவரி 7ல அவர் முதல்வரா பதவியேற்றார். அந்த மாசக் கடைசியிலேயே நம்பிக்கை வாக்கெடுப்பு ரகளையாகி, ஆட்சி கலைக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துருச்சு. ஒரு வருஷம் கழிச்சு, 1989 ஜனவரி 21ல தேர்தல். இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல்.

இரண்டு அணியும் தோத்தாங்க. திமுக 150 இடத்தோட ஆட்சிக்கு வந்தது. ஆனா தோல்விக்குள்ள ஒரு தோல்வி இருந்தது. சேவலுக்கு 27 இடம், 21 சதவீதத்துக்கு மேல வாக்கு. புறாவுக்கு ஒற்றை இலக்கம், சுமார் 9 சதவீதம். ஆண்டிப்பட்டியில ஜானகியே தோத்தார். எம்.எல்.ஏ.க்கள் ஒரு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த முடிவை வாக்காளர்கள் தலைகீழா மாத்திட்டாங்க.

ஜானகி அரசியலை விட்டு ஒதுங்கினார், அணிகள் சேர்ந்தன, இரட்டை இலை திரும்பி வந்தது. மார்ச் மாசம் மருங்காபுரி, மதுரை கிழக்கு ரெண்டு தொகுதியிலயும் ஒன்றுபட்ட அதிமுக ஜெயிச்சது. ரெண்டே வருஷத்துல, 1991ல, ஜெயலலிதா முதல்வர். இது ரொம்ப விலை கொடுத்து நடந்த தலைவர் தேர்தல். ஆட்சி போச்சு, சின்னம் முடங்குச்சு. இருந்தாலும் முடிவை யாராலயும் மறுக்க முடியலை, ஏன்னா அதுல கையெழுத்துப் போட்டது லட்சக்கணக்கான பேர்.

இதோட 2021க்குப் பிறகு நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்க. ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு, 2017 செப்டம்பர்ல அதிமுக பொதுக்குழு பொதுச்செயலாளர் பதவியை எடுத்துட்டு, ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வம், இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடி பழனிசாமின்னு இரட்டைத் தலைமை கொண்டுவந்தது. 2019 மக்களவைத் தேர்தல்ல தேனி ஒண்ணுதான் மிஞ்சுச்சு. 2021ல 66 இடத்தோட ஆட்சி போச்சு. 2022 பிப்ரவரி நகர்ப்புறத் தேர்தல்ல 21 மாநகராட்சியும் திமுக கூட்டணிக்குப் போச்சு. அதுல நம்ம காஞ்சிபுரமும் ஒண்ணு, மாநகராட்சி ஆனபிறகு அதுக்கு அது முதல் தேர்தல்.

இத்தனை தோல்விக்குப் பிறகு 'ஒற்றைத் தலைமை' கோரிக்கை எங்கே வெடிச்சது? 2022 ஜூன் 14ல நடந்த மாவட்டச் செயலாளர்கள் கூட்டத்துல. ஜூன் 23ல வானகரம் பொதுக்குழுவுல ஓபிஎஸ் மேல தண்ணி பாட்டில் பறந்தது. ஜூலை 11ல அதே வானகரத்துல பொதுக்குழு ஈபிஎஸ்ஸை இடைக்காலப் பொதுச்செயலாளரா தேர்ந்தெடுத்து, ஓபிஎஸ்ஸை நீக்கிடுச்சு. அதே நேரத்துல ராயப்பேட்டை அலுவலகத்துல கல்வீச்சு. வருவாய்த் துறை வந்து சீல் வச்சாங்க.

ஓபிஎஸ் தரப்போட வாதம் சுவாரஸ்யமானது. 2021 டிசம்பர்ல திருத்தின விதிப்படி எங்க ரெண்டு பேரையும் தேர்ந்தெடுக்கிற உரிமை அடிப்படை உறுப்பினர்களுக்கு, அதை 2,600 சொச்சம் பேர் இருக்கிற பொதுக்குழு எப்படிப் பறிக்கலாம்? எதிர்த்தரப்பு சொன்னது, விதியை மாத்துற அதிகாரம் பொதுக்குழுவுக்குத்தான், அங்கே எங்களுக்குப் பெரும்பான்மை இருக்கு. ஆகஸ்ட்ல உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஓபிஎஸ்ஸுக்குச் சாதகமாச் சொன்னார். செப்டம்பர்ல இரு நீதிபதிகள் அமர்வு மாத்துச்சு. 2023 பிப்ரவரி 23ல உச்ச நீதிமன்றம் அந்தப் பொதுக்குழு கூட்டினது செல்லும்னு சொல்லிடுச்சு.

எல்லாரும் பாத்தது அந்த வழக்கை. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது ஜூலை 11ல வந்த ஒரு விதித் திருத்தம். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பாங்கன்னு விதி இருக்கு, அது எம்.ஜி.ஆர் காலத்து ஏற்பாடு. ஆனா போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியணும், 10 பேர் வழிமொழியணும். தலைமைக் கழகப் பொறுப்புல 5 வருஷம் இருந்திருக்கணும். அப்போ கட்சியில மாவட்டச் செயலாளர்கள் எழுபது சொச்சம் பேர். ஆளுக்கு ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்துன்னு வச்சுக்கிட்டா, அதிகபட்சம் 3 பேர்தான் நிக்க முடியும். நடைமுறையில ஒருத்தர். 2023 மார்ச் 18, 19ல வேட்புமனு வாங்கினாங்க, மனு போட்டது ஈபிஎஸ் மட்டும். மார்ச் 28ல உயர் நீதிமன்றம் தடை மறுத்ததும் அவர் பொதுச்செயலாளர்னு அறிவிச்சாங்க. ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள்னு சொல்ற கட்சியில ஒரு ஓட்டு கூடப் பதிவாகலை. விதியும் மீறப்படலை.

இது அதிமுகவோட தனி வியாதின்னு எடுத்துக்காதீங்க. இந்தச் சண்டை கோர்ட் வரைக்கும் போனதால விதிகள் வெளியில தெரிஞ்சது. அவ்வளவுதான்.

காங்கிரஸ்ல வாசல் அகலம். 10 பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டாப் போதும், பிரதிநிதிகள் 9,000த்துக்கு மேல இருக்காங்க. 2019ல 52 இடத்தோட தோத்ததும் ராகுல் காந்தி விலகினார். சோனியா காந்தி இடைக்காலத் தலைவர். அந்த இடைக்காலம் மூணு வருஷம் ஓடுச்சு. 2022 அக்டோபர்ல தேர்தல் நடந்தப்போ மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072 வாக்கு. வாசல் அகலமா இருந்ததால போட்டி நடந்தது. ஆனா அதுக்கு முன்னாடி, வாக்காளர் பட்டியலைக் காட்டுங்கன்னு 5 எம்.பி.க்கள் கடிதம் எழுத வேண்டியிருந்தது. யார்கிட்ட ஓட்டுக் கேக்கணும்னே தெரியலைன்னா கையெழுத்து எங்கே போய் வாங்குறது?

சரி, சட்டம் என்ன சொல்லுது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவுல கட்சியைப் பதிவு செய்யலாம். அரசியலமைப்புக்கு விசுவாசமா இருப்போம்னு எழுதித் தரணும். உங்க வேட்புமனு வாசல் எவ்வளவு அகலமா இருக்கணும்னு அதுல ஒரு வரி கூட இல்லை. எழுதிக் கொடுத்த உறுதியை மீறினாலும், பதிவை ரத்து செய்யும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்குப் பொதுவாக் கிடையாதுன்னு 2002லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. ஆணையம் தீவிரமா உள்ளே வர்றது சின்னத்துக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கும்போதுதான். அப்பவும் எண்ணுறது பெரும்பாலும் எம்.எல்.ஏ., எம்.பி., பொதுக்குழு உறுப்பினர் தலைகளைத்தான்.

ஏனாத்தூர் நண்பரே, நீங்க ஏதாவது ஒரு கட்சியில உறுப்பினர் அட்டை வச்சிருந்தா, அந்தக் கட்சியோட சட்டவிதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்க. 'தகுதி', 'முன்மொழிதல்'ங்கிற பகுதியை மட்டும் படிங்க, ரெண்டு பக்கம்தான் இருக்கும். புத்தகம் கேட்டதும் அலுவலகத்துல என்ன சொன்னாங்கன்னு எனக்கு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சின்னம் முடக்கம் எப்படி நடக்குதுன்னு நிறையப் பேர் கேட்டிருக்கீங்க, அடுத்த எபிசோட் அதுதான்.