கழலை நோயும் காவற்கிருமியும்

வாதுமை, பீச், ரோஜா முதலிய செடிகளின் வேரிலும், வேரும் தண்டும் கூடும் கழுத்திலும் கழலை போன்ற கட்டிகள் தோன்றுவதுண்டு. மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்னும் கிருமி காயத்தின் வழியாக உட்புகுந்து இவற்றை உண்டாக்குகின்றது. நாற்றுப் பண்ணையில் இந்நோய் கண்டால், கன்றுகள் விலைபோகாமல் பெருநஷ்டம் நேரிடும்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து வெயிட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஆலன் கெர் என்பவர், அதே இனத்துத் தீங்கற்ற கிருமியொன்றை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தார். கே 84 எனப்படும் இக்கிருமி, அக்ரோசின் 84 என்னும் விஷத்தைச் சுரந்து நோய்க்கிருமியைக் கொல்லவல்லது. 1973 முதல் அந்நாட்டில் விதைகளையும் வேர்களையும் இக்கிருமி கலந்த நீரில் தோய்த்து நட்டு வரலாயினர். நோயும் பெரிதும் குறைந்தது.

ஆயினும் இதில் ஓர் அபாயம் மறைந்திருந்தது. விஷத்தைச் சுரக்கும் திறமும், அதனால் தான் மடியாமல் காத்துக்கொள்ளும் திறமும் கே 84-இன் உடலிலுள்ள பிளாஸ்மிட் என்னும் நுண்ணிய மரபு வளையத்தில் ஒருங்கே அடங்கியுள்ளன. இரு கிருமிகள் நெருங்கிக் கூடுங்கால், அவ்வளையத்தின் பிரதி ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லக்கூடும். அதனைப் பெற்ற நோய்க்கிருமி, பகைவனிடமே கவசம் வாங்கி அணிந்தது போல, விஷத்திற்கு அஞ்சாமல் பெருகும். 1970-களின் இறுதியில் கிரீஸ் தேசத்தில் இத்தகைய கிருமிகள் காணப்பட்டன.

இதனையறிந்த ஆராய்ச்சியாளர், அவ்வளையம் இடம்பெயர்வதற்கு வேண்டிய பகுதியை மட்டும் மரபணு முறையில் நீக்கி, கே 1026 என்னும் புதிய கிருமியை உண்டாக்கினர். இது விஷத்தைச் சுரக்கும். கவசத்தையோ தானே பிறருக்கு வழங்க இயலாது. 1989-இல் இது ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்டது.

இதனால் விளங்குவது யாதெனில், உயிருள்ள மருந்து மண்ணிலேயே பெருகும். அயற்கிருமிகளுடன் கொடுக்கல் வாங்கலும் செய்யும். ஒருமுறை விட்டபின் அதனைத் திரும்பப் பெறுதல் அரிது. ஆதலால், அது எதனைக் கொல்லும் என்பதுடன், எதற்கு எதனைக் கொடுக்கும் என்பதையும் முன்னரே சோதித்தறிதல் அவசியம்.

மேலும், இக்கிருமிகள் நோயை வருமுன் காக்குமேயன்றி, கண்டபின் குணப்படுத்தமாட்டா. திராட்சைக் கொடியின் கழலைக்கும் பயன்படா. கட்டிகள் சுரக்கும் பொருள்களோ கே 84-இன் வளையம் கைமாறுவதைத் தூண்டுபவை. எனவே, கட்டியுள்ள கன்றுகளை விலக்கி, வேரில் காயம்படாமல் நடுதலே முதற்கண் செய்யத்தக்கது.