பிபிசி மைக்ரோ கணினியில் குறுக்கீடு கையாளுதல்

குறுக்கீடு என்பது, ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகை, வட்டு, கடிகாரம் போன்ற வன்பொருள் ஒன்று செயலியின் கவனத்தைத் தன் பக்கம் திருப்ப அனுப்பும் குறிகை ஆகும். குறிகை வந்ததும் ஓடும் நிரலை நிறுத்தி, வந்த வேலையை முடித்து, நிரலை விட்ட இடத்திலிருந்தே தொடரச் செய்வது இயக்குதளத்தின் மையப் பகுதியான கருனியின் பொறுப்பு. இப்பணி நடக்கும் விதத்தைப் பழைய எட்டு பிட் கணினிகளில் எளிதாகக் காணலாம். அவற்றுள் இந்தியப் பள்ளிகளுக்கு அறிமுகமானது பிபிசி மைக்ரோ.

பின்னணி

பிபிசி மைக்ரோ, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட கணினி. இந்தியாவில் 1984-85ஆம் கல்வியாண்டில் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்திற்கு இக்கணினியே தேர்ந்தெடுக்கப்பட்டது. தொடக்கத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு இது வழங்கப்பட்டது. பாகங்களை வரவழைத்து இந்தியாவில் பூட்டித் தரும் பணியை, சண்டிகரை அடுத்த மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் ஏற்றது.

இதன் செயலி 6502. வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 20 லட்சம் துடிப்புகள். ‘பி’ மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட். இதன் இயக்குதளம் 16 கிலோபைட் அளவுள்ள அழியா நினைவகச் சில்லு ஒன்றில் அடங்கியிருந்தது.

குறுக்கீடு ஏன் வேண்டும்?

ஓர் ஆணைக்குச் சராசரியாக 4 துடிப்புகள் எனக் கொண்டால், 6502 செயலி வினாடிக்கு 5 லட்சம் ஆணைகளை நிறைவேற்றும். விரைவாகத் தட்டச்சு செய்பவர் வினாடிக்கு 5 எழுத்துகள் அடிப்பதாக வைத்துக்கொண்டாலும், இரண்டு எழுத்துகளுக்கு இடையே 1 லட்சம் ஆணைகளுக்கான நேரம் கிடைக்கிறது. அந்த நேரம் முழுவதும் “விசை அழுத்தப்பட்டதா?” என்று கேட்டுக்கொண்டிருப்பது வீண். கேட்காமல் வேறு வேலையில் மூழ்கினாலோ அழுத்திய விசை தவறிப்போகும்.

வகுப்பில் பாடம் நடக்கும்போது அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையுடன் வாசலில் வந்து நிற்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆசிரியர் நிமிடத்திற்கு ஒருமுறை வாசலை எட்டிப் பார்ப்பதில்லை. உதவியாளர் வந்து குரல் கொடுக்கிறார். ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்கிறார், புத்தகத்தில் நிறுத்திய இடத்தில் அடையாளம் வைக்கிறார், சுற்றறிக்கையில் கையொப்பமிட்டு அனுப்புகிறார், அடையாளம் வைத்த வரியிலிருந்து பாடத்தைத் தொடர்கிறார். கருனி செய்வதும் இதே நான்கு வேலைகளைத்தான்.

செயலி செய்வதும் கருனி செய்வதும்

6502 செயலியில் சாதாரணக் குறுக்கீட்டு வேண்டுகோளுக்கு ஐ.ஆர்.கியூ என்று பெயர். அது வந்ததும் செயலி தானாகவே பின்வருவனவற்றைச் செய்கிறது.

1. நடந்துகொண்டிருக்கும் ஆணையை முடிக்கிறது.
2. அடுத்து நிறைவேற்ற வேண்டிய ஆணையின் முகவரியையும் நிலைக்கொடிகளையும் நினைவகத்தின் அடுக்கில் சேமிக்கிறது.
3. இன்னொரு ஐ.ஆர்.கியூ உள்ளே நுழையாதபடி தடுப்புக்கொடியை ஏற்றுகிறது.
4. நினைவகத்தின் 65534, 65535 ஆகிய இடங்களில் எழுதப்பட்டிருக்கும் முகவரிக்குத் தாவுகிறது.

இதற்கு 7 துடிப்புகள், அதாவது 3.5 மைக்ரோ வினாடி ஆகும். ஆனால் கணக்கீடுகள் நடக்கும் ஏ, எக்ஸ், ஒய் என்னும் மூன்று பதிவகங்களைச் செயலி சேமிப்பதில்லை. அவற்றைக் காப்பது கருனியின் கடமை. ஒரு பதிவகத்தைக் காக்கத் தவறினாலும், குறுக்கிடப்பட்ட நிரல் திரும்பி வரும்போது அதன் கணக்கு மாறியிருக்கும். குறுக்கீடு எந்த ஆணைக்கு நடுவே வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே இத்தகைய பிழை ஒருமுறை தோன்றி மறுமுறை தோன்றாது. கண்டுபிடிப்பதற்கு மிகக் கடினமான பிழைகளுள் இது ஒன்று.

பதின்மக் கணக்குக் கொடியும் கவனத்திற்குரியது. குறுக்கிடப்பட்ட நிரல் பதின்ம முறையில் கூட்டிக்கொண்டிருந்தால், அக்கொடி ஏறிய நிலையிலேயே கையாளுநிரலுக்கு வந்து சேரும். ஆகையால் பிபிசி மைக்ரோவின் கையாளுநிரல் தொடக்கத்திலேயே அதை இறக்கிவிடுகிறது. சேமித்த நிலைக்கொடிகள் இறுதியில் மீட்கப்படும்போது, நிரலுக்கு அதன் பழைய நிலை திரும்பக் கிடைக்கிறது.

வந்தது யார்?

எல்லாச் சாதனங்களும் ஒரே ஐ.ஆர்.கியூ கம்பியைப் பகிர்ந்துகொள்வதால், அழைத்தது யார் என்பது செயலிக்குத் தெரியாது. கருனி ஒவ்வொரு சாதனமாகக் கேட்டறிகிறது. முதலில் ஒலிநாடாவையும் தொடர் இணைப்பையும் கவனிக்கும் 6850 சில்லு, அடுத்து விசைப்பலகை, கடிகாரம் முதலியவற்றுடன் இணைந்த 6522 சில்லு, பிறகு அச்சுப்பொறிக்கான இன்னொரு 6522 சில்லு என்பது வரிசை.

இந்த வரிசை பொருத்தமானது. ஒலிநாடாவிலிருந்து ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம் வினாடிக்கு 1200 பிட்டுகள் வருகின்றன. ஒரு பைட்டுக்கும் அடுத்த பைட்டுக்கும் இடைவெளி சுமார் 8 மில்லி வினாடி. அதற்குள் எடுக்காவிட்டால் பழைய பைட் தொலையும். நாடாவில் பதிவுகள் 256 பைட் வரையிலான தொகுதிகளாக இருப்பதால், ஒரு பைட் போனாலும் அந்தத் தொகுதி முழுவதையும் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி படிக்க வேண்டியதுதான். விசைப்பலகையும் அச்சுப்பொறியும் இதைவிடப் பொறுமையானவை.

அழைத்த சாதனத்திற்கு “உன் வேண்டுகோள் ஏற்கப்பட்டது” என்று தெரிவித்து, அதன் குறிகையை இறக்குவதும் கருனியின் வேலை. அதைச் செய்யாமல் திரும்பினால், தடுப்புக்கொடி இறங்கிய உடனே அதே குறுக்கீடு மறுபடி வரும். கணினி அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்க, நிரல் நகராது.

பட்டியலில் உள்ள எந்தச் சாதனமும் அழைக்கவில்லை என்றால், நினைவகத்தின் 518ஆம் இடத்தில் உள்ள முகவரிக்குக் கட்டுப்பாடு செல்லும். பயனர் தாமே உருவாக்கி இணைத்த கருவிகளுக்கான வாசல் அது. எல்லாக் குறுக்கீடுகளையும் கருனிக்கு முன்பே பார்க்க விரும்பினால் 516ஆம் இடத்தில் தம் நிரலின் முகவரியை எழுதலாம். இயக்குதளம் மாற்ற முடியாத சில்லில் இருந்தும், புதிய கருவிகளை இணைக்க முடிந்தது இந்த இரு வாசல்களால்தான்.

கடிகாரத் துடிப்பு

6522 சில்லின் நேரங்காட்டி வினாடிக்கு 100 முறை குறுக்கிடுகிறது. ஒவ்வொரு முறையும் கருனி கடிகார எண்ணை 1 கூட்டுகிறது, அழுத்திய விசை இன்னும் அழுந்தியிருக்கிறதா என்று பார்க்கிறது, ஒலிக்கும் இசையின் அளவைத் திருத்துகிறது. இரு துடிப்புகளுக்கு இடையே 20,000 செயலித் துடிப்புகள் உள்ளன. கருனி அவற்றில் சிறு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நிரலுக்கு விட வேண்டும். இத்தகைய நிகழ்வுகளின்போது ஓடுமாறு பயனர் எழுதும் நிரல் 2 மில்லி வினாடிக்குள் முடிய வேண்டும் என்று இக்கணினியின் பயனர் கையேடு அறிவுறுத்தியது.

கடிகாரத்தில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. அதன் எண் 5 பைட் நீளமானது. எண் 255 ஆக இருக்கும்போது ஒரு நிரல் அதன் கீழ் பைட்டைப் படித்து 255 என்று குறித்துக்கொள்கிறது எனக் கொள்வோம். அடுத்த பைட்டைப் படிக்கும் முன் துடிப்பு வந்து எண்ணை 256 ஆக்குகிறது. இப்போது மேல் பைட் 1. நிரலுக்குக் கிடைக்கும் விடை 256 + 255 = 511. உண்மையான இரு மதிப்புகளில் எதுவும் அது இல்லை.

பிபிசி மைக்ரோ இதற்குக் கண்ட தீர்வு எளியது. கடிகாரத்திற்கு இரண்டு பிரதிகள் வைக்கப்பட்டன. புதிய எண் முழுவதும் மற்றொரு பிரதியில் எழுதப்பட்ட பின்னரே, “இனி இதைப் படி” என்று காட்டும் குறி மாற்றப்படும். படித்துக்கொண்டிருக்கும் நிரலின் பிரதி பாதியில் மாறுவதில்லை. விசைப்பலகையின் 32 பைட் இடைத்தேக்ககத்திற்கு வேறு வழி பின்பற்றப்பட்டது. அதில் எழுத்தைச் சேர்க்கும்போதும் எடுக்கும்போதும் சில கணங்கள் குறுக்கீடுகள் தடுக்கப்படும்.

தடுக்க முடியாத குறுக்கீடு

நெகிழ்வட்டு இவ்வளவு காத்திருக்காது. இக்கணினியின் ஒற்றை அடர்த்தி வட்டிலிருந்து 64 மைக்ரோ வினாடிக்கு ஒரு பைட் வருகிறது. அது 128 செயலித் துடிப்புகள் மட்டுமே. கடிகார வேலையோ விசைப்பலகை வேலையோ முடியட்டும் என்று காத்திருந்தால் பைட் தொலைந்துவிடும். இதற்காகவே என்.எம்.ஐ எனப்படும் தடுக்கவியலாக் குறுக்கீடு வட்டுக்கும், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈகோநெட் வலையமைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. தடுப்புக்கொடி இதைக் கட்டுப்படுத்தாது. வேறொரு குறுக்கீட்டைக் கையாளும் நடுவிலும் இது நுழையும். இதன் கையாளுநிரல் 3328ஆம் முகவரியில் தொடங்குகிறது. யார் அழைத்தது என்று தேடும் நேரமில்லாததால், அந்த இடத்தை ஒரு சமயத்தில் ஒரே சாதனம்தான் உரிமை கொண்டாடலாம் என்ற விதி வகுக்கப்பட்டது.

பிற கணினிகளும் இன்றைய நிலையும்

அக்காலத்துப் பிற கணினிகள் வேறு வழிகளைப் பின்பற்றின. ஐபிஎம் பிசியில் 8259 என்னும் தனிச் சில்லு, 8 கம்பிகளில் எது அழைத்தது என்பதைச் செயலிக்கு எண்ணாகவே தெரிவித்தது. அதனால் ஒவ்வொரு சாதனமாகக் கேட்கும் வேலை குறைந்தது. வேலை முடிந்ததை அச்சில்லுக்கு அறிவிக்கும் பொறுப்பு மட்டும் மென்பொருளிடமே இருந்தது.

சென்னை ஐஐடி உருவாக்கிய ‘சக்தி’ செயலிகள் ரிஸ்க்-வி கட்டமைப்பைப் பின்பற்றுகின்றன. அவற்றுள் ஒன்று 2018ஆம் ஆண்டு சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் வடிக்கப்பட்டது. பிபிசி மைக்ரோவைப் பூட்டிய செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ்தான் பின்னர் இந்த ஆய்வகமாக மாறியது. ரிஸ்க்-வி கட்டமைப்பிலும் குறுக்கீடு வரும்போது வன்பொருள் திரும்ப வேண்டிய முகவரியைக் குறித்துக்கொண்டு, மேலும் குறுக்கீடு வராமல் தடுக்கிறது. பொதுப் பதிவகங்களைக் காக்கும் வேலை இன்றும் கருனியுடையதே. லினக்ஸ் கருனி, உடனே செய்ய வேண்டியதைக் குறுக்கீட்டின்போதே முடித்து, நீண்ட வேலையைப் பின்னர் செய்யத் தள்ளிவைக்கிறது. குறுக்கிட்ட நிரலை இருந்தபடி திருப்பித் தருவது, விரைந்து முடிப்பது என்னும் இரண்டு கடமைகளும் 6502 காலத்திலிருந்து மாறவில்லை.