உண்டியல் கடிகாரமும் உண்மைக் கடிகாரமும்

திருமலை ஏழுமலையான் உண்டியலில் பணமும் பொன்னும் மட்டுமன்றிக் கைக்கடிகாரங்களும் காணிக்கையாக விழுகின்றன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் அவற்றைத் தரம் பிரித்து, தொகுதி தொகுதியாக, மாநில அரசின் கொள்முதல் இணையதளம் வழியே மின்னணு ஏலத்தில் விற்கிறது. ஏல அறிவிப்புகளில் டைட்டன், கேசியோ, டைமெக்ஸ், ஆல்வின், சொனாட்டா, ஃபாஸ்ட்ராக் போன்ற பெயர்கள் இடம்பெறும். புதியவை, பயன்படுத்தியவை, ஓரளவு பழுதுபட்டவை என்ற குறிப்பும் இருக்கும். ஆல்வின் என்றதும் நம் வயதினருக்கு ஐதராபாத்தும் பள்ளி இறுதித் தேர்வுப் பரிசும் நினைவுக்கு வரும். எப்படியாயினும் இவை பெரும்பாலும் அன்றாடம் அணியும் வகைகளே.

ஆனால், "இது சாமி உண்டியலில் விழுந்த ஒமேகா" என்று சொல்லி விற்போரும் உண்டு. தேவஸ்தானத்தின் ஏலத்தில் குறை ஏதுமில்லை. ஏலச் சீட்டு ஒரு தொகுதி வாங்கப்பட்டதற்கு மட்டுமே சான்று. நம் கையில் இருக்கும் கடிகாரம் அத்தொகுதியில் இருந்ததா, அதன் உறுப்புகள் எல்லாம் அசலா என்பதை அச்சீட்டு சொல்லாது.

சித்தூரில் ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் ₹1,80,000 வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரும்படி கேட்டார். மகன் திருமணத்திற்கு அத்தகைய கடிகாரம் ஒன்றைத் திருப்பதியில் பேசி முடித்திருந்தார். சீட்டின் நகலும் சட்டைப்பையில் இருந்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று வினவினோம். "உண்டியல்ல விழுந்தது சார், அதைப் போய்ச் சந்தேகப்படறதா?" என்றார். இரண்டு நாள் பொறுக்கும்படி வேண்டினோம். நகரின் பழைய கடிகாரப் பழுதுநீக்குநர் ஒருவர் அதனைத் திறந்தபோது, முகப்பில் ஒரு நிறுவனத்தின் பெயரும் உள்ளே வேறொரு நிறுவனத்தின் இயந்திரமும் இருந்தன. வைப்பு நிதி முதிர்வு வரை தொடர்ந்தது.

முழுப் போலியைக் கண்டுபிடிப்பது எளிது. கடினமானது கலப்புக் கடிகாரம். கூடு அசல், இயந்திரம் அசல், முட்களும் அசல். ஆனால் வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து எடுத்துக் கோத்தவை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1957ஆம் ஆண்டின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம்! அது பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்றும், தன் முன்னாள் ஊழியர் மூவருக்கு அதில் தொடர்பு உண்டு என்றும் 2023இல் அந்நிறுவனமே அறிவித்தது. செய்தவரையே ஏமாற்ற முடியுமெனில் வாங்குபவர் நிதானிப்பதில் வெட்கமில்லை.

ஆகவே ஒவ்வோர் உறுப்பும் மற்றதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் முகப்பு. மும்பையில் பழைய ஃபேவர்-லூபா, எச்.எம்.டி. கடிகாரங்களின் முகப்புக்குப் புதுவண்ணம் பூசி விற்பது நெடுங்காலத் தொழில். உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். மணிக்கோடுகளின் இடைவெளி சீராக இராது. ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய 'சுவிஸ்' என்ற நுண்ணெழுத்து மறைந்திருக்கும். ஐம்பது ஆண்டு வயதுடையது எனப்படும் கடிகாரத்தின் முகப்பு நேற்று அச்சிட்டதுபோல் மின்னினால் மகிழ வேண்டாம்.

அடுத்து இருட்டறைச் சோதனை. இதற்குச் செலவே இல்லை. 1960களிலிருந்து 1990களின் இறுதி வரை பல சுவிஸ் கடிகாரங்களில் ஒளிர்வதற்கு டிரிட்டியம் பூசப்பட்டது. 'சுவிஸ்' என்ற சொல்லின் இருபுறமும் உள்ள 'டி' என்னும் ஆங்கில எழுத்து அதன் அடையாளம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 12.3 ஆண்டு. எனவே 'டி' பொறித்த 1970களின் கடிகாரம் இன்று இருளில் பளிச்சென ஒளிர்ந்தால், ஒளிப்பூச்சு பின்னாளில் மாற்றப்பட்டது என்றே கொள்ளலாம்.

எண்களையும் ஒப்பிட வேண்டும். பழைய ரோலெக்ஸில் பட்டையைக் கழற்றினால், கூட்டின் ஆறு மணிப் பக்கம் வரிசை எண்ணும் பன்னிரண்டு மணிப் பக்கம் மாதிரி எண்ணும் தெரியும். பழைய ஒமேகாவில் வரிசை எண் பொதுவாக உள் இயந்திரத்தின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். எண் சுட்டும் ஆண்டும் விற்பவர் சொல்லும் ஆண்டும் பொருந்த வேண்டும். பின்மூடியைத் திறக்க விற்பவர் மறுத்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வதே நல்லது. திருகோ கண்ணாடியோ மாற்றப்பட்டிருப்பது குற்றமன்று. அதை மறைத்து அசல் விலை கேட்பதே குற்றம்.

பணம் செலுத்துவது நம் துறை. ஒரே பரிவர்த்தனையில் ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. ₹10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்பனையாளர் 1 சதவீதம் வரி வசூலிக்கும் முறையும் வந்துள்ளது. வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். சிறு தொகையாயினும் வங்கி வழியே செலுத்துங்கள். ரசீதில் மாதிரி எண், வரிசை எண், மாற்றப்பட்ட உறுப்புகள் ஆகியவற்றோடு, அசல் அல்ல எனத் தெரிந்தால் இத்தனை நாளுக்குள் பணம் திருப்பித் தரப்படும் என்ற வரியையும் எழுதி வாங்குங்கள். "திருப்பதியில் வாங்கிய பழைய கடிகாரம் ஒன்று" என்று மட்டும் எழுதிய ரசீதை நுகர்வோர் ஆணையத்தில் காட்டிப் பயனில்லை.