ஈயம்: சுவரின் நஞ்சும் பண்பாட்டின் மீதான பழியும்

1980களின் நடுப்பகுதியில் பாரிஸின் பழைய கட்டடங்களில் வாழ்ந்த பிள்ளைகள் பலரிடம் ஈய நஞ்சேற்றம் கண்டறியப்பட்டது. பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குடிவரவாளரின் பிள்ளைகள். உதிர்ந்த வர்ணப்பூச்சை வாயிலிடுவது அவர்களது பண்பாட்டுப் பழக்கம் என்றொரு விளக்கம் அப்போது எழுந்தது. மருத்துவரும் மானிடவியலாளருமான டிடியே ஃபசன் இவ்விளக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். நஞ்சு இருந்தது வாடகை வீட்டுச் சுவரில்.

இது எமக்கும் உரிய விடயம். அத்தகைய வீடுகளில் எம்மவரும் குடியேறினர். ஒருகாலத்தில் இரசாயனவியல் கற்பித்து இப்போது தொழிற்சாலையில் வேலைசெய்பவன் என்றவகையில் சில விளக்கங்களைத் தருகிறேன்.

தமிழில் இரு உலோகங்களையும் ஈயம் என்கிறோம். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். இங்கு பேசப்படுவது காரீயம். பழைய வெள்ளைப்பூச்சில் கலந்திருந்தது இதன் காபனேற்று. பூச்சு உரிந்து தூசாகிறது. யன்னலைத் திறந்து மூடும்போதும் உராய்ந்து விழுகிறது. தவழும் குழந்தையின் கைவழியே அது வாய்க்குப் போகிறது. உட்சென்ற ஈயத்தை வளர்ந்தவரைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சும். வெளிப்படையான நோய்க்குறி இன்றியே மூளை பாதிக்கப்படலாம். பின்னர் பாடசாலையில் அப்பிள்ளைக்கு 'மந்தம்' என்று பெயர். பாதுகாப்பான அளவென எதுவும் அறியப்படவில்லை.

தூசைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பழைய பூச்சைச் சுரண்டக்கூடாது. சாப்பாட்டுக்கு முன் பிள்ளையின் கைகளைக் கழுவவேண்டும். ஈயக் குழாய் உள்ள வீட்டில், சிறிது நேரம் ஓடவிட்ட குளிர்நீரிலேயே சமைக்கவேண்டும். இரும்பும் கல்சியமும் நிறைந்த உணவு ஈயம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பற்றறித் தொழிற்சாலை போன்ற இடங்களில் வேலைசெய்பவர் உடுப்பையும் சப்பாத்தையும் மாற்றிய பின்பே பிள்ளையைத் தூக்கவேண்டும்.

ஆனால் ஈரத்துணியோடு நிறுத்தினால் பழி தாயின் தலையில் விழும். பழைய பண்பாட்டு விளக்கமே வேறு உருவில் திரும்பிவரும். பிரான்சில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்தை அகற்றும் திருத்தவேலைகளை வீட்டுச் சொந்தக்காரர்மீது சுமத்த அரச நிர்வாகத்துக்கு அதிகாரம் அளித்தது. 1949க்கு முன் கட்டப்பட்ட வீடாயின், 2008 முதல் வாடகை ஒப்பந்தத்துடன் ஈய ஆய்வறிக்கை இணைக்கப்பட வேண்டும். பிள்ளையின் இரத்தத்தில் லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் வைத்தியர் அதனை அறிவிக்கவேண்டும். இவ்வெல்லை 2015இல் வகுக்கப்பட்டது.

இவ்வுரிமைகள் பிரெஞ்சு மொழியில் கிடக்கின்றன. பண்பாடு பற்றி ஓயாது விவாதிக்கும் நாம், அயல்வீட்டாரின் வாடகை ஒப்பந்தத்தை வாசித்து விளக்குவதையும் எமது அறிவுப்பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.